ரோமாபுரியிலிருந்து வந்த செபம்

இண்டர்நெட் ரேடியோ என்று ஒன்று இருப்பதே திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குத் தெரியாத காலத்தில் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. அனுப்பியது அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. இளம் வயதிலேயே கன்னியர் மடத்தில் சேர்ந்து, இத்தாலிக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதே மடத்து சிஸ்டர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி எடுத்துவந்து எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்காகத்தான் அத்தை அதை அனுப்பியிருந்தார். அப்பா நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அந்த வருஷம் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம். தினமும் விடிகாலையில் கோயிலில் நடக்கும் திருப்பலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு போவது என்று ஆகிவிட்டது. பைபிள் அலமாரியிலேயே கிடந்தது. பொழுது முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தெருச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"அண்ணே, அதுல ரோமாபுரியில இருந்து வர்ற செபமெல்லாம் கேக்கலாம். நம்ம புள்ளதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்குல்ல, அது மாட்டிக் குடுக்கும்" என்று அத்தை போனில் சொன்னார்.

நம்ம புள்ள என்றது என்னைத்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இயங்கிய கம்ப்யூட்டர் சென்டரில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்தாவது முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கவும், கடிதம் எழுதிச் சேமித்து வைக்கவும் கற்றுக்கொடுப்பது என் வேலை. தெருவில் எனக்குப் பெயரே கம்ப்யூட்டர் டீச்சர்தான். யார் வீட்டு செல்போன் ஊமையானாலும், டிவி ரிமோட் அடம்பிடித்தாலும் என்னிடம் வந்துவிடும். பாதி நேரம் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே சரியாகிவிடும். அதற்கே 'டீச்சர் கை வச்சா ஓடிரும்' என்று பேசிக்கொள்வார்கள். நானும் மறுக்க மாட்டேன்.

வீட்டில் போன் இருந்தது, இண்டர்நெட் இல்லை. டெலிபோன் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு நடையாய் நடந்த பிறகு ஒரு லைன்மேன் வந்து மோடத்தை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, ஒரு துண்டுத்தாளில் பாஸ்வேர்டைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ரேடியோவை மேஜை மேல் எடுத்து வைத்தேன். பழுப்பு நிற மரப்பெட்டி. மேலே ஒரு திருகு. முன்னால் விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை, அதில் நீல வெளிச்சத்தில் ஆங்கில எழுத்து ஓடும். கீழே நிலையங்களைப் பதிந்து வைக்க ஐந்து பொத்தான்கள், ஓரத்தில் அணைக்க ஒன்று. அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏரியலையே காணோம். கம்பி இல்லாம எப்பிடிடீ பாடும்?"

"இண்டர்நெட்ல இருந்து பாடும்மா."

"அது எங்கன இருக்கு?"

மோடத்தைக் காட்டினேன். அம்மா அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பாஸ்வேர்டைக் கொடுப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ரேடியோவில் எழுத்துப் பலகை கிடையாது. திருகைத் திருப்பினால் எழுத்துகள் ஒவ்வொன்றாக நகரும். வேண்டியது வந்ததும் அமுக்க வேண்டும். கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் தாண்டிப் போய்விடும், திரும்ப ஒரு சுற்று வர வேண்டும். லைன்மேனின் கிறுக்கலில் எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து, ஓவா சைபரா, எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் கடைசி எழுத்தை அமுக்கியதும் 'தவறு' என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. அப்பா பக்கத்து நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, வருதா?"

"வந்துரும்ப்பா."

"அவசரமில்ல. மெதுவாப் பாரு."

மறுநாள் சாயங்காலம் சென்டரிலிருந்து வந்து மறுபடி உட்கார்ந்தேன். சைபர் என்று நினைத்ததை ஓ என்று மாற்றியதும் 'இணைந்தது' என்று வந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே எழுந்து போய் முகம் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

நிலையங்களை நாடு நாடாகப் பிரித்து வைத்திருந்தது அந்த ரேடியோ. கண்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு நாடு, பிறகு நிலையம். ரோமாபுரி எங்கே இருக்கிறது? இத்தாலியில். அத்தை இருப்பதும் இத்தாலியில். எனக்குச் சந்தேகமே வரவில்லை. இத்தாலியைத் திறந்தேன். திருகத் திருக நிலையங்களின் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாமே எனக்குப் புரியாத பாஷை. 'ரேடியோ' என்ற ஒரு சொல்தான் புரிந்தது. சரி, காதால் கேட்டே கண்டுபிடிப்போம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒவ்வொன்றும் தொட்டதும் பாடிவிடாது. செத்த நேரம் யோசிக்கும், பிறகுதான் சத்தம் வரும்.

ஒரு நிலையத்தில் டமடமவென்று பாட்டு. "இது கோயில் இல்லம்மா, கல்யாண வீடு" என்றார் அப்பா. இன்னொன்றில் ஒருவர் மூச்சுவிடாமல் கத்தினார். "பந்து வெளையாடுறாய்ங்க. அடுத்தது போடு." இன்னொன்றில் ஒரு பெண் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினாள். "இந்தப் பொம்பள எதையோ விக்கிறா." மில்லில் ஒரு மெஷின் சத்தம் மாறினாலே திரும்பிப் பார்த்துப் பழகிய காது அது. பாஷை தெரியாமலேயே ஒவ்வொன்றையும் இன்னதென்று பிரித்துத் தள்ளிக்கொண்டே வந்தார். எனக்கும் விளையாட்டு மாதிரி இருந்தது. கண் போன பிறகு அப்பா அவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

வயதான ஆண் குரல். அவசரம் கிடையாது, ஏற்ற இறக்கம் கிடையாது. 'மாரே' என்று ஆரம்பித்து ஏதோ சொன்னது. நிறுத்தியது. மறுபடி 'மாரே' என்றது, வேறு ஏதோ சொன்னது, நிறுத்தியது. பின்னால் இசை இல்லை, ஒன்றும் இல்லை. நான் அடுத்ததற்குத் திருகப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறு. மரியேங்கிறாரு."

இருவரும் கேட்டோம்.

"மாதா மன்றாட்டு மாலைம்மா இது" என்றார். ஒருவர் மாதாவை ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைக்க, மற்றவர்கள் பதில் சொல்லும் செபம் அது. அடுத்த தடவை அந்தக் குரல் 'மாரே' என்று சொல்லி முடித்து நிறுத்தியதும், அப்பா மெல்ல "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார். அந்த இடைவெளியில் அது அளந்து வைத்த மாதிரி பொருந்தியது. அவர் முடிக்கவும் அந்தக் குரல் அடுத்ததைத் தொடங்கவும் சரியாக இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முழங்காலிட்டாள். நானும் முழங்காலிட்டேன். எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

அதை ஒன்றாம் பொத்தானில் பதிந்து வைத்தேன். அப்பா விரலால் தடவித் தெரிந்துகொள்ள, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினேன். இரண்டாம் பொத்தானை அம்மா கேட்டாள். மலேசியாவிலிருந்து வரும் தமிழ்ப் பாட்டு நிலையங்களைப் போட்டுக் காட்டினேன். "இந்த ஆளு பாட்டுக்கு நடுவுல தானே சிரிச்சுக்கிறாரு, வேண்டாம்" என்று ஒன்றைத் தள்ளினாள். பேச்சே இல்லாமல் பழைய சினிமாப் பாட்டு மட்டும் போட்ட இன்னொன்று அவளுக்குப் பிடித்தது. மூன்றாவதில் எனக்காக ஓர் இங்கிலீஷ் நிலையம். கேட்டுக் கேட்டு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டுவிடலாம் என்று ஓர் ஆசை. மற்ற இரண்டும் காலியாகவே இருந்தன.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால் தினமும் அந்தச் செபம் வரும். அதற்கு முன்னால் என்ன வருகிறது, பின்னால் என்ன வருகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. அந்தக் குரல் முடித்ததும் சின்னதாக ஒரு ஊதல் இசை வரும், ஒரு பெண் சிரித்த குரலில் ஏதோ சொல்வாள். செபம் முடிந்தது என்று அணைத்துவிடுவோம்.

முதலில் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். பிறகு எதிர் வீட்டிலிருந்து வந்தார்கள். எங்கள் தெருவில் பத்திருபது கத்தோலிக்கக் குடும்பங்கள். வாரம் ஒரு வீட்டில் எல்லாரும் கூடிச் செபிப்போம், அன்பியம் என்பார்கள். அதற்குத் தலைவராக இருந்தவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர், அப்பாவைவிட வயதில் இளையவர். அவர் ஒரு நாள் வந்து கேட்டுவிட்டு அசந்துபோனார்.

"அண்ணே, போப்பாண்டவர் ஊர்ச் செபம் நம்ம தெருவுக்கே வருதேண்ணே! இனிமே அன்பியம் உங்க வீட்லதான்."

அப்பா பெரிய மனிதராகிவிட்டார். நாற்காலியை ரேடியோவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்திரியைத் தடவிப் பொத்தானை அமுக்குவார். கூடம் நிறைந்து வாசல் வரைக்கும் ஆட்கள் முழங்காலிட்டிருப்பார்கள். "மாரே" என்று குரல் வரும். அத்தனை பேரும் ஒரே குரலில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். அந்த வருஷம் கரண்ட் கட் அதிகம். செபத்துக்கு நடுவில் கரண்ட் போய்விட்டால் எல்லாரும் இருட்டில் அப்படியே இருப்பார்கள், யாரும் எழுந்து போக மாட்டார்கள். நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகை போட்டிருந்த என் மாமா, மார்க்கெட்டுக்கு வரும் வேனில் வாரம் ஒருமுறை ஒரு பொட்டலம் பூ கொடுத்தனுப்புவார். அம்மா அதைக் கட்டி மாதா படத்துக்குப் போட்டதுபோக மீதியை ரேடியோவுக்குச் சுற்றிவிடுவாள். தெருவில் என் மதிப்பும் ஏறிவிட்டது. "எங்க டீச்சர் ரோமாபுரியவே புடிச்சுக் குடுத்துருச்சு" என்று புக்கிங் ஆபீஸ்காரர் பங்குக் கோயில் வாசலில் நின்று சொன்னதை நானே கேட்டேன். கேட்காத மாதிரி கடந்து போனேன். முகம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

பல மாதம் இப்படி ஓடியது. பிறகு அத்தை விடுமுறையில் வந்தார். ஏழெட்டு வருஷத்துக்குப் பின் அப்போதுதான் ஊருக்கு வருகிறார். சென்னை வரை விமானம், அங்கிருந்து ரயில். நானும் புக்கிங் ஆபீஸ்காரரும் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்தோம். வாசலில் அப்பா அவர் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "மெலிஞ்சிட்டியே ஆத்தா" என்றார். அத்தை, "நீங்கதாண்ணே மெலிஞ்சிட்டீங்க" என்று சொல்லி அழுதார்.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "செபத்தைப் பத்தி இப்பச் சொல்லாத. சாயங்காலம் எல்லாரும் கூடினதுக்கப்புறம் போட்டுக் காட்டுவோம். அவ இருக்கிற ஊருச் சத்தத்தை நம்ம வீட்ல கேட்டா எம்புட்டுச் சந்தோசப்படுவா!" என்றார்.

அன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். இத்தாலி சிஸ்டரைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்தும் வந்திருந்தார்கள். அம்மா புதுப்பூவாகச் சுற்றி, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள். அத்தையை முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தோம். அவர் வேண்டாம் என்று கீழே எல்லாரோடும் முழங்காலிட்டார். பூச்சுற்றிய ரேடியோவைப் பார்த்துப் புன்னகைத்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

"மாரே" என்றது குரல்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அத்தை சட்டென்று தலையை நிமிர்த்தினார். முதலில் ரேடியோவைப் பார்த்தார். பிறகு திரும்பி, கண்மூடி முழங்காலிட்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். குரல் அடுத்ததைச் சொன்னது. கூட்டம் பதில் சொன்னது. அத்தை தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். பரவசத்தில் அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கண் என் பக்கம் வந்தது. அந்தக் கண்ணில் இருந்தது வேறு என்னவோ. என்ன தப்பு என்று தெரியவில்லை. ஏதோ தப்பு என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

செபம் முடிந்து ஊதல் இசை வந்தது. அப்பா அணைக்கக் கையை நீட்டினார். அதற்குள் புக்கிங் ஆபீஸ்காரர், "சிஸ்டர், எம்புட்டு நாளா கேக்குறோம், அர்த்தம் தெரியாமலே சொல்லிக்கிட்டிருக்கோம். இன்னிக்கு என்ன சொன்னாங்கன்னு கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க" என்றார்.

"அப்புறம் சொல்றேன்" என்றார் அத்தை.

"ஒரு ரெண்டு வார்த்தை சிஸ்டர். எல்லாரும் ஆசைப்படுறாங்க."

"சொல்லு ஆத்தா" என்றார் அப்பாவும்.

அத்தை பொய் சொல்லிப் பழகாதவர். அவருக்கு அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, "இது செபம் இல்லண்ணே" என்றார். "கடலைப் பத்திச் சொல்றாங்க. மாரேன்னா கடல். எந்தக் கடல்ல காத்து எப்பிடி அடிக்கும், அலை எம்புட்டு இருக்கும்னு படகுக்காரங்களுக்குச் சொல்ற செய்தி."

அப்புறம் ஒரு சிரிப்புக் கேட்டது. அடக்கி, அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. சிரித்தது அம்மா. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும் நிற்கவில்லை. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கொட்டியது. அதைப் பார்த்து வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது.

அப்பாவுக்கு இன்னும் புரியவில்லை. "எந்தக் கடலு?" என்று சிரிப்பு வந்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அவருக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன். முகத்தில் எதுவும் மாறவில்லை, காது மட்டும் சிவந்தது. அவசரமாக ரேடியோவை அணைக்கப் போனார். அணைக்கிற பொத்தானுக்குப் பதில் இரண்டாம் பொத்தான் அமுங்கிவிட்டது. ரேடியோ கொஞ்சம் யோசித்தது, பிறகு மெழுகுவர்த்திகளுக்கு நடுவே, மல்லிகைப் பூவுக்கு உள்ளிருந்து, பழைய சினிமா டப்பாங்குத்து ஒன்று ஓங்கி ஒலித்தது. அப்பா பெட்டியைக் கையால் மூடினார், பூவைப் பிடித்து இழுத்தார், மெழுகுவர்த்தி ஒன்று சாய்ந்தது. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

எல்லாரும் கலைந்து போனார்கள். சிலர் அத்தையிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். தெருவில் இறங்கியதும் அவர்கள் சிரிப்பது உள்ளே கேட்டது.

மறுநாள் காலையில் அத்தை என்னை ரேடியோ முன்னால் உட்கார வைத்தார். திருகைத் திருப்பினார். நாடுகளின் பட்டியலில் இத்தாலியைத் தாண்டி, கீழே, கீழே, கிட்டத்தட்டக் கடைசி வரைக்கும் போனார். வாடிகன் என்று தனியாக இருந்தது.

"அது தனி நாடும்மா" என்றார் மெதுவாக.

எனக்குத் தெரியும். உலகத்திலேயே மிகச் சிறிய நாடு எது என்ற கேள்விக்குப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அன்று வரை அது பரீட்சையில் இருந்த நாடு. ரேடியோவில் இருக்கும் என்று தோன்றவே இல்லை. அத்தை அதைத் தொட்டதும் நிலையம் வந்தது, அதில் தமிழ் ஒலிபரப்பு வரும் நேரத்தையும் அவர் சொன்னார். தமிழிலேயே வந்திருக்கிறது. இத்தனை மாதமும் தமிழிலேயே வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் எழுந்து கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவிடம்தான் பேச்சை நிறுத்தினார். ஊர் சிரித்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. முதலில் சிரித்த குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மா சோறும் தொட்டுக்கொள்ளக் காயும் வைத்துவிட்டு, "வெஞ்சனம் வலது பக்கம் இருக்கு" என்பாள். அவர் தடவி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஒரு மத்தியானம் அம்மா அத்தையிடம், "எனக்கே தெரியல சிஸ்டர். சிரிப்பு வந்துருச்சு. அந்த மனுசன் செபம்னு நம்பி உக்காந்திருக்காரு, நான் சிரிக்கிறேன். என்னைய என்ன செஞ்சாத் தகும்?" என்று அழுதாள்.

அந்த ஞாயிறு அப்பா திருப்பலிக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார். நான் மட்டும் போனேன். கோயில் வாசலில் கூடி நின்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். சென்டரில் இன்னும் மோசம். எங்கள் தெருப் பெண் ஒருத்தி அங்கே படித்துக்கொண்டிருந்தாள். அவள் வழியாக எல்லாருக்கும் போய்விட்டது. கரும்பலகையில் எழுதத் திரும்பியபோது பின் வரிசையிலிருந்து, "டீச்சர், இன்னிக்குக் கடல்ல காத்து எப்படி?" என்று ஒரு குரல் வந்தது. திரும்பாமல் எழுதிக்கொண்டே இருந்தேன். சாக்பீஸ் உடைந்தது. கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தால் முகம் தெரிந்துவிடும் என்று பாதிச் சாக்பீஸிலேயே எழுதி முடித்தேன். அதற்கப்புறம் பேட்டரி மாற்றக்கூட யாரும் என்னிடம் எதையும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.

விடுமுறை முடிந்து அத்தை கிளம்புவதற்கு முந்தின நாள், அப்பா அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கடல் பேரெல்லாம் சொல்லு" என்றார்.

"எதுக்குண்ணே அது இப்ப?"

"சொல்லேன். இம்புட்டு மாசம் சொல்லியிருக்கோம், என்னன்னு தெரிய வேண்டாமா?"

அத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். லிகூரியக் கடல், தைரேனியக் கடல், அயோனியக் கடல், அத்ரியாடிக் கடல். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அங்கிட்டும் மீன் புடிக்கப் போவாய்ங்களா?"

"போவாங்கண்ணே. நான் பாத்துக்கிற கிழவர்கள்ல ரெண்டு பேரு கடலுக்குப் போனவங்கதான்."

"ம்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "அவளைத் தண்ணி கொண்டாரச் சொல்லு" என்றார். அத்தை எழுந்து போய்ச் சொன்னார். அம்மா செம்பைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். அவர் குடித்துவிட்டுச் செம்பை அவளிடமே நீட்டினார். "நீ சாப்டியா?" என்றார். அம்மா செம்பை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அத்தை பதிந்து வைத்துவிட்டுப் போன நிலையத்தை அப்பா பல வாரம் தொடவில்லை. பிறகு கேட்க ஆரம்பித்தார். ரேடியோவை உள்ளறைக்கு மாற்றி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, காதை ஒட்ட வைத்துக் கேட்க வேண்டிய அளவு சத்தத்தில். வாசலில் யாராவது கூப்பிட்டால் உடனே அணைத்துவிடுவார். தமிழில், தெளிவாக, செபம் என்று சொல்லித்தான் வரும். அதையும் எதையோ ஒளிந்து செய்கிறவர் மாதிரிதான் கடைசிவரை கேட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் போலிருக்கும். திறந்ததில்லை.

அன்பியம் பழையபடி வாரம் ஒரு வீடு என்று சுற்றப் போய்விட்டது. எங்கள் முறை வந்தபோது இரண்டு தடவை அம்மா ஏதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்தாள். மூன்றாவது தடவை புக்கிங் ஆபீஸ்காரரே வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இந்த வாரம் உங்க வீடு. நான் கேக்கல, சொல்றேன்" என்றார். அப்பா சரி என்றார்.

எல்லாரும் வந்தார்கள். வழக்கமான செபமாலை, வழக்கமான பாட்டு. அப்பா சுவரோரம் உட்கார்ந்து எல்லாரோடும் சேர்ந்து சொன்னார், எதையும் முன்னின்று நடத்தவில்லை. யாரும் பழையதைப் பேசவில்லை. ரேடியோ முன்பு இருந்த மூலைப் பக்கம் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று எல்லாரும் ஒரே மாதிரி கவனமாக இருந்தது எனக்குத் தெரிந்தது. முடிந்ததும் சுண்டலும் டீயும் கொண்டுவந்தேன். ஒவ்வொருவரும் டம்ளரை எடுத்துக்கொண்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார்கள். தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினேன். கடைசி டம்ளர் போனதும் வெறும் தட்டோடு அடுப்படிக்குள் போய், அவர்கள் எல்லாரும் கிளம்பிப் போகும் வரை அங்கேயே நின்றேன்.